பங்குக்கு வராத இரண்டு ஏக்கர்

1

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அம்மாவோடு பேசுவேன். கடையில் வாங்கிய போன் கார்டைச் சுரண்டி, அந்த நீளமான எண்ணை அழுத்தி, மிச்சமிருக்கும் நிமிடங்களை ஒரு பெண்குரல் சொல்லி முடித்த பிறகு, கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் செட்டிகுளம் கேட்கத் தொடங்கும். முதலில் ஒரு சேவல். பிறகு பஸ்ஸின் ஹாரன். பிறகுதான் அம்மா.

போன வருடம் ஒரு ஞாயிறு, அம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"ஏன்டி மலரு, ஒன் ஜூஸ் கம்பெனிய யாரோ பெரிய கம்பெனிக்காரன் வாங்கப் போறானாமே? செந்திலு சொன்னான்."

"வாங்கலம்மா. கூட்டு சேர்றாங்க."

"கூட்டுன்னா பாதி பாதியா?"

"அப்படித்தான் பேசிட்டிருக்காங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். ஒனக்கு வேல இருக்குமா இருக்காதா, அதச் சொல்லு."

நான் வேலை செய்வது ஜூஸ் கம்பெனியில் அல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவில், கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே தள்ளி, ஒரு பெண் தனியாக நடத்திவந்த சின்ன வைன் ஆலையில் பரிசோதனைக்கூடப் பொறுப்பு எனக்கு. கோவையில் உணவுப் பதனத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, மேல்படிப்புக்கு இங்கே வந்து, அப்படியே தங்கிப்போனவள் நான். அம்மாவுக்கு உண்மை தெரியும். ஆனால் எங்கள் தெருவில் வைன், பிராந்தி, பட்டை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: சாராயம். பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பியது சாராயம் காய்ச்சவா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று அம்மாவே ஜூஸ் என்று சொல்லிவைத்தாள். நானும் மறுக்கவில்லை. முழுப் பொய்யும் இல்லை. பிழிந்த முதல் சில நாட்கள் அது ஜூஸ்தான்.

என் மகள் யாழினி இந்தப் போன் பேச்சுகளைக் கேட்டே வளர்ந்தவள். பள்ளியில் டீச்சர், அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு, எழுந்து நின்று ஜூஸ் செய்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். சின்ன ஊர். மாலைக்குள் செய்தி என் முதலாளிக்குப் போய்விட்டது. மறுநாள் என் மேசையில் ஒரு ஆரஞ்சுப் பழம் இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'இதையும் பிழிந்து கொடு.'

அன்று அம்மாவிடம் பேச்சை மாற்றிவிட்டேன். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆட்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால், அந்தக் கூட்டு எப்படி முடிந்தது என்பதை எழுதிவைக்கிறேன். நம்மூர் வழக்கம் ஒன்று அதற்குள் வந்து புகுந்தது.

2

என் முதலாளியின் பெயர் ஜோவன்னா. எல்லோருக்கும் ஜோ. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருடம் ஆனது. அதுவரை மேடம் என்றேன். "என்னைப் பார்த்தா ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் புத்தகத் தமிழில் எழுதினால் அவர் ஜோவாக இல்லாமல் போய்விடுகிறார். அதனால் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவருடைய அப்பா இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தவர். கூலிக்கு வேலி போட்டு, பிறகு அந்த வேலிக்குள்ளேயே நிலம் வாங்கினார். ஆலைக் கொட்டகையின் தகரக் கூரையில், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, தன் குடும்பப் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதினார். வைன் பாட்டில்களிலும் அதே பெயர்தான். கொட்டகைக்கும் ரோட்டுக்கும் நடுவே இரண்டு ஏக்கர் திராட்சை. அவர் கையால் நட்டது. கொடி என்று சொல்ல முடியாது. முறுக்கிப் பிழிந்த துணியைத் தரையில் நட்டுவைத்த மாதிரி குட்டையான மரங்கள். காய்ப்பு குறைவு. இயந்திரம் உள்ளே போக முடியாது. கையால்தான் பறிக்க வேண்டும்.

ஜோ வேறு நிலங்களும் வைத்திருந்தார். அந்தப் பழங்களுக்கெல்லாம் நான் பாக்கெட் ஈஸ்ட் சேர்ப்பேன். அது சொன்ன நேரத்துக்கு நுரைக்கும். இந்த இரண்டு ஏக்கர் பழத்துக்கு மட்டும் எதுவும் சேர்க்கக் கூடாது. தொட்டியில் நசுக்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழத்தின் தோலிலும் காற்றிலும் கொட்டகையின் பழைய மரத்திலும் இருக்கிற ஏதோ ஒன்று, தானாக வந்து வேலையைத் தொடங்கும். முதல் முறை இதைக் கேட்டபோது நான் படித்த படிப்பு முகம் சுளித்தது. பிறகு, இட்லி மாவுக்கு யார் பாக்கெட் போட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் பனி விலகும் முன்பு அந்த வரிசைகளுக்குள் நடப்பது எனக்குப் பிடிக்கும். மண் மேலே சிவப்பு. ஒரு முழம் கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அதில் சிப்பிகள் அழுந்திக் கிடக்கும். முதல் வாரமே ஜோ ஒன்றைக் கையில் கொடுத்து, "இது ஒரு காலத்துல கடல், தெரியுமா?" என்றார்.

தெரியும். என் கணவர் குமரனின் ஊர் செந்துறைப் பக்கம். அரியலூர் சிமெண்ட் லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசு படிந்த ரோட்டோரக் குழிகளில், கல்லாகிப் போன நத்தைகள் கிடக்கும். கல்யாணமான புதிதில் குமரன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வேறு எதுவும் பரிசாகக் கொடுக்க அன்று அவருக்குத் தோன்றவில்லை. மழைக்கு ஏங்குகிற அந்த நிலத்தில் முன்பு மீன்கள் நீந்தின என்பதை நினைத்தால், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு லேசாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே பருத்தியும் கம்பும் நீருக்கடியில் அசைவதுபோல அசையும். இங்கேயும் அப்படித்தான். பனிக்குள் திராட்சை வரிசைகள் மெல்லக் கரையும்போது, இரண்டு ஊர்களும் ஒரே கடலின் இரண்டு கரைகள் என்றும், தண்ணீர் மட்டும்தான் நடுவில் போய்விட்டது என்றும் தோன்றும். இதை யாரிடமும் சொன்னதில்லை. பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள் சொல்லக்கூடிய விஷயம் அல்ல.

அந்த ஆண்டுகளில் நாடெங்கும் திராட்சை அதிகமாகிப் போயிருந்தது. வாங்க ஆளில்லாமல் பழம் கொடியிலேயே சுருங்கித் தொங்கியது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடு மேய்த்தார்கள். அப்போதுதான் பெரிய கம்பெனி ஜோவைத் தேடி வந்தது. உங்கள் வைன் நல்ல வைன், விற்கத்தான் உங்களுக்கு ஆளில்லை, பாதிக் கூட்டுக்கு வருகிறோம், நீங்கள் செய்யுங்கள், நாங்கள் விற்கிறோம் என்றார்கள்.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குப் புரியும். மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். ஆலை மூடப்படாது. ஆட்களுக்கு வேலை இருக்கும். எனக்கு விசா இருக்கும். புதிய குளிர்சாதனத் தொட்டிகள் வரும். எல்லாம் ஜோவுக்கு நல்லதுதான். பிறகு அவர்கள் வரைபடத்தை விரித்தார்கள். புதிய தொட்டிகள் நிற்கப்போகும் இடம், லாரி வந்து திரும்ப வசதியாக, கொட்டகைக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்தது.

அந்த இரண்டு ஏக்கர்.

3

நடுவில் என் விசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் விசா ஜோவின் ஆலையோடு கட்டப்பட்டது. ஆலைக்குப் புதுக் கூட்டாளி வந்தால் என் படிவங்களும் புதிதாகப் போக வேண்டும். குமரன் இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாலும், குடும்பத்துக்கே என் விசாதான் குடை.

அடிலெய்ட் அலுவலகத்தில் சீட்டு எடுத்து உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் குமரனின் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"நீங்கள் அடிக்கடி வீடு மாறியிருக்கிறீர்களா?"

"இல்லையே."

"பிறந்த சான்றிதழில் திருச்சிராப்பள்ளி மாவட்டம். கல்லூரிச் சான்றிதழில் பெரம்பலூர். இன்னொன்றில் அரியலூர். அதற்குப் பின் வாங்கியதில் மறுபடியும் பெரம்பலூர்."

குமரன் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வீடு அதே வீடுதான் மேடம். மாவட்டம்தான் வந்து வந்து போனது" என்றார். திருச்சியைப் பிரித்தது, பெரம்பலூரைப் பிரித்தது, மறு வருடமே திரும்பச் சேர்த்தது எல்லாவற்றையும் விளக்கினோம். அந்தப் பெண் தலையைப் பிடித்துக்கொண்டார். இது போதும் என்று சொல்லி எங்களை அனுப்பிவைத்தார். வெளியே வந்ததும் குமரன், "இன்னொரு தடவ பிரிச்சாலும் பிரிப்பானுவ, பாத்துக்க" என்றார்.

அடுத்த தொல்லை பெயர். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு அது கிடையாது. அப்பா பெயரான தங்கராசுவை அதில் எழுதினேன். அன்றிலிருந்து வங்கியிலும் பல் டாக்டரிடமும் நான் மிஸ் தங்கராசு. நான் இங்கே வருவதற்கு முன்பே இறந்துபோன அப்பாவை, முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

ஜோ என் விசாப் படிவத்தில் தன் பங்குக் கையெழுத்தைப் போடும்போது அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப யாழினிக்குக் குடும்பப் பேரு?"

"அவ அப்பா பேரு. குமரன்."

"அவளுக்குப் பொறக்கிற பிள்ளைக்கு?"

"அதோட அப்பா பேரு."

"அப்ப மூணாவது தலைமுறைக்கு ஒங்கப்பா பேரு என்ன ஆகும்?"

"காணாமப் போயிடும்."

ஜோ பேனாவை மூடிவிட்டு ஜன்னல் வழியே கூரையின் விளிம்பைப் பார்த்தார். வெள்ளைப் பெயிண்டை அவர் ஒவ்வொரு கோடையிலும் தானே ஏறிப் பூசுவார்.

4

அந்த மாதத்தில்தான் தம்பி செந்தில் போன் செய்தான். அவன் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் கடை வைத்திருக்கிறான். எங்கள் காட்டை நல்லுசாமி அண்ணனுக்கு வாரத்துக்கு விட்டிருக்கிறோம். மேட்டு நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். வாரம் என்றால், நிலம் நம்முடையது, உழைப்பு அவருடையது, விளைச்சல் பாதிப் பாதி. காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கிக் கொண்டிருந்தார்கள். பின்னால் காற்றும் பெண்களின் பேச்சும் கேட்டன.

"அக்கா, நல்லுசாமியண்ணன் பண்ற வேலையப் பாரு. நான் வேன் புடிச்சுட்டு வந்து நிக்கிறேன். பாதின்னு பேச்சு. இவரு பாட்டுக்கு ஒரு குமியத் தனியாத் தள்ளி வச்சுட்டு, மிச்சத்துல பாதி பிரிக்கிறாரு."

"எதுக்குத் தள்ளி வச்சிருக்காரு?"

"வெதைக்காம்."

"சரிதான?"

"என்ன சரிதான? மொத்தத்துல பாதின்னா மொத்தத்துல பாதி. எனக்குக் கணக்கு தெரியாதா?"

போன் கைமாறியது.

"பாப்பா, நல்லாருக்கியா? புள்ள நல்லாருக்கா?" நல்லுசாமி அண்ணன் சாதாரணமாகப் பேசினாலே கத்துவார், வெளிநாட்டுக்கு என்பதால் இன்னும் கத்தினார். "நீயே சொல்லு. ஒங்கப்பாரு காலத்துல குமிச்சதும் மொதல்ல எதுக்கு அள்ளுவோம்?"

"வெதைக்குண்ணே."

"அத ஒந்தம்பிக்குச் சொல்லு. செல்போனு விக்கிறவனுக்கு வெங்காயம் எங்கேருந்து தெரியும்!"

"அண்ணே, அந்தச் செல்போனுலதான் இப்ப ஆஸ்திரேலியாவுக்குக் கத்துறீங்க" என்று செந்தில் குரல் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள்.

"கத்துறேன், கத்துறேன். கேட்டுக்க தம்பி. வெத ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. நெலத்தோடது. அத எடுத்து வச்சதுக்கப்பறம்தான் பங்கே ஆரம்பிக்குது. நாள மறுநாளு நான் செத்துட்டாலும் நீ இந்தக் காட்ட வேற ஆளுக்கு விட்டாலும், அந்த வெத பட்டறையில கெடக்கும். வர்றவன் எடுத்து நடுவான்."

"ஒங்க வூட்டுப் பட்டறையிலதான கெடக்கும்?"

"ஒன் கடையில வையேன். ஒவ்வொரு போனுக்கும் ஒரு வெங்காயம் இனாமாக் குடு."

கடைசியில் செந்தில் ஒத்துக்கொண்டான். அவனுக்குக் கோபம் வெங்காயத்தில் இல்லை; காட்டுக்காரனாக நடந்துகொள்ள ஒரு நாள் வந்து, அதிலும் தோற்றதில்தான். செந்திலின் போனில் காசு தீர்ந்து பேச்சு அறுந்தது.

அன்று மதியம் குழாய்களைச் சுடுநீரில் கழுவிக்கொண்டிருந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. ஆவிக்குள் எங்கள் தெரு வந்தது. வீட்டுக்கு வீடு மூங்கில் கட்டி, மேலே கரும்புச் சோகை வேய்ந்து, உள்ளே வெங்காயம் பரப்பிய பட்டறைகள். தெருவே அந்த வாசனையில் கண் கரிக்கும். மழைக்காலத்தில் இரவெல்லாம் சோகை மேல் தண்ணீர் இறங்கும் சத்தம். விலைக்காகக் காத்திருக்கும் குவியல் ஒரு பக்கம், அடுத்த பட்டத்து விதைப்புக்காகக் காத்திருக்கும் சின்னக் குவியல் இன்னொரு பக்கம். பிள்ளைகள் வேறு எதிலிருந்து எடுத்தாலும் அடி விழாது, அந்தச் சின்னக் குவியலில் கை வைத்தால் விழும்.

குழாயை அப்படியே போட்டுவிட்டு ஜோவைத் தேடிப் போனேன்.

5

கம்பெனியிலிருந்து வந்தவர் பெயர் பீட்டர். மரியாதையான மனிதர். ஷூவில் மண் ஒட்டினால் வாசலில் கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே வருவார். அவரை வெறுக்க முடிந்திருந்தால் ஜோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேசையில் வரைபடம் விரிந்திருந்தது. ஜோ பல வாரங்களாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்: அந்தக் கொடிகளைப் பிடுங்கக் கூடாது. பீட்டரும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்: பிடுங்கினாலும் மலைச்சரிவில் அதே ரகத்தை மறுபடி நடுகிறோம். இரண்டு பேரும் களைத்திருந்தார்கள். ஜோ கையெழுத்துப் போடாவிட்டால், அடுத்த அறுவடைக்கு ஆலை திறக்காது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"மலர் ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் ஜோ.

பரிசோதனை எண்களைத் தவிர வேறு எதையும் நான் அந்த மேசையில் பேசியதில்லை. எங்கள் ஊரில் நிலத்தில் இரண்டு பேர் கூட்டாக இருப்பது பழைய பழக்கம் என்று தொடங்கினேன். வெங்காயத்தைச் சொன்னேன். பங்கு பிரிக்கும் முன் விதையை எடுத்து வைப்போம். அது யார் கணக்கிலும் வராது. அதைப் பங்கில் சேர்த்தால் அடுத்த வருடம் பங்கு போட எதுவும் இருக்காது என்றேன். "இந்த இரண்டு ஏக்கரிலிருந்துதான் மலைச்சரிவில் நட நீங்கள் குச்சி வெட்டப்போகிறீர்கள். அப்படியென்றால் இது விளைச்சல் அல்ல, விதை. இதைக் கூட்டுக்கு வெளியே வையுங்கள். மீதியைப் பாதியாக்குங்கள்."

பீட்டர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து அந்த இரண்டு ஏக்கரைச் சுற்றிக் கோடு போட்டார்.

"தொட்டிகளை ஓடைக்கு அந்தப்புறம் தள்ளலாம். செலவு கூடும். எங்கள் ஆட்களைச் சம்மதிக்க வைக்கலாம் என்று நினைக்கிறேன்" என்றார். "ஆனால் ஒன்று. கோட்டுக்கு வெளியே இருப்பது முழுக்க வெளியே. அந்தப் பழம் இந்தக் கொட்டகைக்குள் வரக் கூடாது. அந்த வைனுக்கு இந்தப் பெயரும் கிடையாது. பெயர் கூட்டுக்குள் இருக்கிறது. நாங்கள் காசு கொடுப்பதே பெயருக்குத்தான்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. வெங்காயத்துக்குப் பெயர் கிடையாது.

ஜோ எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தோம். கொடிகளுக்கு நடுவே நின்றார். இலையெல்லாம் உதிர்ந்த காலம். ஒவ்வொரு மரமும் யாரோ பாதியில் நிறுத்திய சைகை போல இருந்தது. அவர் ஒரு முறை திரும்பிக் கூரையைப் பார்த்தார். பீட்டர் மெதுவாக, "என் அப்பாவிடமும் கொடிகள் இருந்தன. எங்களுக்கு யாரும் கோடு போட்டுத் தரவில்லை" என்றார். தேநீர் வேண்டுமா என்று கேட்டேன்.

ஜோ காலில் மண்ணோடு உள்ளே வந்தார்.

"மலர், ஒங்க ஊர்ல குடும்பப் பேரே இல்லேன்னியே. அப்பறம் ஒருத்தர எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"காட்ட வச்சு. என்னைக் கிணத்துக்காட்டுக்காரர் பொண்ணுன்னு சொல்வாங்க."

"காடு போயிட்டா?"

"அப்ப என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியல."

ஜோ உட்கார்ந்தார். "எங்கப்பா கப்பல்ல வரும்போது அவர் பேர யாருக்கும் சரியாச் சொல்லவே வரலயாம். அவரு வந்து எறங்கினது ஒரு பேரு, காகிதத்துல எழுதினது இன்னொரு பேரு. கூரையில இருக்கறது அந்தக் காகிதப் பேருதான்." பேனாவைக் கேட்டு வாங்கினார். "ஆனா கொடி அவரு நட்டது."

கையெழுத்துப் போடும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையெழுத்தே கம்பெனிக்குப் போகும் பெயர்தானே என்று தோன்றியது. பீட்டர் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, வாசலில் குனிந்து ஷூ மாட்டினார். ஜோ அவருக்குக் கை கொடுத்தார். கார் போனபிறகு ஏணியை எடுத்துவரச் சொன்னார். எதற்கு என்று பயந்தேன். கூரையின் மழைநீர்க் குழாயில் இலை அடைத்திருந்ததாம். அவர் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கிவர வெகுநேரம் ஆனது.

6

இந்த வருட அறுவடை இரண்டு இடங்களில் நடந்தது.

பழைய கொட்டகையில் கம்பெனியின் ஆட்கள். என் சம்பளம், என் விசா இரண்டும் அங்கேதான். ஜோவும் அங்கே வைன் செய்கிறார், அது ஒப்பந்தம். ஓடைக்கு அந்தப்புறம் தொட்டிகள் வெள்ளியாக மின்னின. பாக்கெட் ஈஸ்ட் போட்ட மறுநாளே நுரைத்தன. எல்லாம் ஒழுங்காக, நன்றாக இருந்தது. குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இரண்டு ஏக்கர் பழத்துக்கு ஜோ வேறொரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். முன்பு செம்மறி ஆடுகளுக்கு உரோமம் கத்தரித்த இடம். பலகைகளில் இன்னும் ஆட்டு வாசனை. நான்கு பேராகப் பறித்தோம். குமரன் இரவுப் பணி முடித்து, தூங்காமல் வந்தார். யாழினி ஒரு பழம் கூடைக்கு, ஒரு பழம் வாய்க்கு என்று பறித்தாள். "பாப்பா, போதும், வயிறு வலிக்கும்" என்று குமரன் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் மறுத்துக்கொண்டே வரிசையின் கோடிக்குப் போய்விட்டாள். அந்தப் பேச்சு அவர்கள் இருவருக்கும் இடையே தடங்கல் இல்லாமல் நடந்தது.

பழத்தை நசுக்கித் தொட்டியில் போட்டு மூடினோம். பிறகு எதுவும் நடக்கவில்லை.

ஆலைக் கொட்டகையின் மரத்தில், சுவரில், தூசியில் ஐம்பது வருடம் குடியிருந்த ஏதோ ஒன்றுதான் இத்தனை காலமும் அந்தப் பழத்தை எழுப்பியிருந்தது என்றால், நாங்கள் கொடியைக் காப்பாற்றி, அதைப் பின்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். எடுத்து வைக்கச் சொன்னது நான். எது விதை என்று சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன். ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகும் வழியில் அங்கே நிறுத்தி, சர்க்கரை அளவைப் பார்ப்பேன். நுரைக்கத் தொடங்கியிருந்தால் எண் குறைய வேண்டும்; அசையவில்லை. சாறு கறுப்பாக, மினுமினுப்பாக, தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் முகம்போலக் கிடந்தது. இன்னும் சில நாள் போனால் கெட ஆரம்பிக்கும். புளித்துக் காடியானால் இரண்டு ஏக்கரும் அந்த வருடத்துக்குப் போச்சு. அடுத்த வருட வாடகைக்கு ஜோவிடம் வழியில்லை. கொடிகள் நிற்கும், யாருக்கும் எதுவும் தராமல். அப்படி நிற்கிற நிலத்தைக் கம்பெனி மறுபடி கேட்கும். இந்த முறை ஜோவால் மறுக்க முடியாது.

"பாக்கெட் போட்டுடலாமா?" என்று ஒரு காலையில் கேட்டேன்.

"நீ என்ன சொல்ற?"

"படிச்சவளாச் சொன்னா, போடணும்."

"படிக்காதவளா?"

"எங்கம்மா குளிர்காலத்துல மாவுப் பானையச் சாக்குல சுத்தி, அடுப்புக்குப் பக்கத்துல வைப்பாங்க. கைய விட்டுத்தான் கலக்குவாங்க. கரண்டி போட மாட்டாங்க."

ஜோ என்னைப் பார்த்தார். பிறகு கொட்டகையின் மூலையில் கிடந்த பழைய உரோம மூட்டைச் சாக்குகளைத் தேடிப் பிடித்தார். தொட்டியைச் சுற்றினோம். பெரிய பெட்டி ஒன்றுக்குக் குளிருக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி இருந்தது. ஜோ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தோள்வரை கையை உள்ளே விட்டு, மிதக்கும் தோல்களை அமுக்கிப் புரட்டினார். "இத்தாலியில கூட இப்படி யாரும் பண்ண மாட்டாங்க" என்றார்.

"நாளைக்கும் ஒண்ணும் வரலேன்னா பாக்கெட்ட எடுத்துட்டு வந்துடு. நான் சண்ட போட மாட்டேன்."

மறுநாள் காலை எடுத்துப் போனேன். சட்டைப் பையில் ஈஸ்ட் பாக்கெட் இருந்தது. ரோடெல்லாம் பனி. காரின் விளக்கு இரண்டு அடிக்கு மேல் போகவில்லை. கங்காருவோ ஆடோ ஏதோ ஒன்று வேலி ஓரம் அசைந்தது. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. ஜோ எனக்கு முன்பே வந்து, கோட்டைக் கழற்றாமல், முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டபடி அசையாமல் நின்றிருந்தார். குனிந்து எதையோ கேட்பவர் மாதிரி.

நான் வாசலிலேயே நின்றேன்.

"இங்க வா" என்றார். "கைய வை."

வைத்தேன். மேலே சில்லென்றிருந்தது. தோல்களைத் தாண்டி இன்னும் கீழே விட்டேன். அங்கே, நடுவில், யாரோ உள்ளங்கையைக் கொண்டுவந்து என் கையோடு சேர்த்தது போல, வெதுவெதுப்பு. விரலிடுக்கில் சின்னச் சின்னக் குமிழிகள் ஏறி வந்தன. நான் கையை எடுக்கவில்லை. ஜோவும் எடுக்கவில்லை. இருவரும் அந்த இருட்டான சாற்றுக்குள் கை விட்டபடி, எதிரெதிரே நின்றோம். வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பலகை இடுக்குகளில் வந்து விழுந்தது.

எட்டு மணிக்குள் கம்பெனி ஆலையில் இருக்க வேண்டும். குழாயடியில் கையைக் கழுவினேன். நகங்களில் ஊதா போகவில்லை. அன்று காலை முழுவதும் வெள்ளித் தொட்டிகளின் முகப்பில் ஒளிரும் வெப்பநிலை எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. எழுதுகிற கை மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தது.